கப்பல் வராவிட்டால் எத்தனை நாள்?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணி கடந்திருக்கும். வெள்ளவத்தையில் வீட்டுக்கு வீடு மீன் கழுவி முடித்து, தேங்காய்ப்பால் பிழிகிற நேரம். நாடு முழுக்க கரண்ட் போனது. எங்கள் தொடர்மாடியின் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஐந்தாம் மாடி அன்ரி, சந்தைப் பையோடு. ஜெனரேட்டர் தானாகவே ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். ஓடவில்லை. போன மாதம்தான் சேர்விஸ் செய்ததாகப் புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பார்த்தால் அதன் ஸ்டார்ட் பற்றரி செத்துக் கிடந்தது. காவலாளி டீசல் தாங்கியைத் தட்டினார், வெறுங்குடத்தின் சத்தம்.

அன்ரியை வெளியே எடுக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. வேர்த்து விறுவிறுத்து வந்தவர் யாரையும் திட்டவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, முன்வீட்டுக் கூரை முழுக்க சோலர் பூட்டியிருக்கு. அவையளுக்கும் கரண்ட் இல்லையாம். அதெப்பிடி? வெயில் இப்பிடி எறிக்குது!"

அந்தக் கேள்விக்குப் பதில் பின்னால் வருகிறது. முதலில் குரங்கு. பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். நாடே சிரித்தது. அப்புறம் பொறியியலாளர்கள் சொன்ன விளக்கத்துக்கு யாரும் சிரிக்கவில்லை. ஞாயிறு என்பதால் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடிக் கிடந்தன, தேவை குறைவு. நல்ல வெயில் என்பதால் கூரைச் சோலர்கள் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தன. அதனால் பாரமான டர்பைன்களில் சிலவே சுழன்றுகொண்டிருந்தன. பாரமான சில்லு வேகமாகச் சுழன்றால் ஒரு திடீர் அடியைத் தாங்கிக்கொள்ளும். சோலர் பலகையில் சுழல்வதற்கு எதுவும் இல்லை. ஓர் அடி விழுந்தது, எல்லாம் சரிந்தது. மீண்டும் எழுப்பும்போது நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையமும் படுத்துவிட, அடுத்த நாட்களில் மின்வெட்டு வேறு.

அதே பெப்ரவரி 9 அன்று உலகத்தின் இன்னொரு மூலையில் எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா மூன்றும் விழாக் கொண்டாடின. ரஷ்ய மின்வலையமைப்பிலிருந்து முதல்நாள் கழற்றிய தங்கள் கம்பிகளை அன்று ஐரோப்பிய வலையமைப்போடு பூட்டினார்கள். அதை எரிசக்திச் சுதந்திரம் என்றார்கள். உண்மையில் ஒருவர் கையை விட்டு இன்னொருவர் கையைப் பிடித்தார்கள். யாருடைய கை என்பதைத் தாங்களே தேர்ந்தார்கள், அதில்தான் சந்தோஷம்.

ஆக, ஒரு நாடு எரிசக்தியில் முழுக்கத் தன் காலில் நிற்க முடியுமா? எங்கள் ஆட்களுக்கு இதில் நேரடி அனுபவம் உண்டு. 1990களின் போர்க்கால யாழ்ப்பாணம் முழுச் சுதந்திரத்தோடுதான் இருந்தது. தேசிய மின்கம்பி இல்லை, பெற்றோல் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் துளி மண்ணெண்ணெயும் திரியும் வைத்துப் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டோம். ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். அந்த மண்ணெண்ணெயும் வெளியிலிருந்து வந்ததுதான் என்பது வேறு கதை. அந்தச் சுதந்திரம் யாருக்கும் மறுபடி வேண்டாம்.

அமெரிக்கா இந்தச் சொல்லை 1973இலேயே கையில் எடுத்தது. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, 1980க்குள் வெளியாரை நம்பாமல் இருப்போம் என்று நிக்சன் அறிவித்தார். 2019இல்தான் அந்த நாடு இறக்குமதியை விட அதிக எரிசக்தியை ஏற்றுமதி செய்யும் நிலைக்கு வந்தது. சரி, வந்ததே. ஆனால் 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் அங்கேயும் பெற்றோல் விலை கலன் 5 டொலரைத் தாண்டியது. எண்ணெய் சொந்தக் கிணற்றில் ஊறினாலும் விலை உலகச் சந்தையில்தான் ஊறுகிறது. டெக்சஸ் மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், மத்திய அரசின் விதிகளுக்குள் வராமலிருக்கத் தன் மின்வலையமைப்பைப் பெரும்பாலும் தனியாகவே வைத்திருந்தது. 2021 பெப்ரவரிக் குளிரில் உற்பத்தி சரிந்தபோது அயல் மாநிலங்களிலிருந்து போதிய அளவு கடன் வாங்கக் கம்பி இல்லை. இருநூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அதனால் "சுதந்திரமா இல்லையா" என்ற கேள்வியை விட்டுவிட்டு, ஒவ்வொரு வழியிடமும் நான் வேறொன்றைக் கேட்கிறேன். நாளைக்குக் கப்பல் வராவிட்டால் எத்தனை நாள் தாங்கும்? 2022இல் காலி வீதியில் இரவிரவாகப் பெற்றோல் வரிசையில் படுத்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை.

கப்பலை நம்பும் மூன்று வழிகள்

எண்ணெயில் தொடங்கலாம். இந்த மூன்றில் விடை மிகக் குறுகியது இதில்தான். சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் 1969இலிருந்து இருக்கிறது, நாளுக்கு 50,000 பீப்பாய் வரை சுத்திகரிக்கும். 2021 நவம்பரில் மசகு (கச்சா) எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் அதை மூடினார்கள். 2022 மார்ச் முடிவில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம். ஜூன் இறுதியில் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள். அப்புறம் எரிபொருளைப் பங்கிடக் கியூஆர் அட்டை வந்தது. இத்தனைக்கும் திருகோணமலையில் ஆங்கிலேயர் கட்டிவிட்டுப் போன தொண்ணூற்றுச் சொச்சம் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன, பெரும்பாலானவை பற்றை மண்டிப்போய். 2022 ஜனவரியில் அவற்றில் 61ஐ இந்தியாவோடு கூட்டாக அபிவிருத்தி செய்ய உடன்பாடு எழுதினார்கள். தாங்கி இருந்தால் நாட்கள் கூடும், அது உண்மை. ஆனால் நிரப்பக் காசு வேண்டும். எங்கள் ஜெனரேட்டர் தாங்கிக்கு நடந்ததும் அதுதான்.

நிலக்கரி கொஞ்சம் மேல். நுரைச்சோலையில் 300 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள், சீனக் கடனில் 2011க்கும் 2014க்கும் இடையில் வந்தவை. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இங்கிருந்துதான். வருடத்துக்கு முப்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 60,000 தொன். கப்பல் கரைக்கு வராது, நடுக்கடலில் நின்று சிறு படகுகளில் இறக்க வேண்டும். சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று, தொடங்கிக் கடல் கொந்தளித்தால் அதுவும் முடியாது. அதனால் ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை இறக்கிக் குவித்துவைத்து, மிச்ச மாதங்களை ஓட்டுகிறார்கள். எங்கள் அம்மம்மா மாரிக்கு விறகு அடுக்குவது போலத்தான், ஒரு வித்தியாசத்தோடு: விறகு வளவில் முறிந்தது, இது தென்னாபிரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வருகிறது. குவியல் சில மாதம் தாங்கும் என்பதை மறுக்க முடியாது. அதன் சாம்பலைச் சுவாசிக்கிற பக்கத்துக் கற்பிட்டி மக்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவது, திரவமாக்கிய இயற்கை வாயு. கெரவலப்பிட்டியில் 300 மெகாவாட் யுகதனவி, பக்கத்திலேயே 350 மெகாவாட் சோபாதனவி, இரண்டும் வாயுவில் ஓடுவதற்கென்று கட்டியவை. ஆனால் மைனஸ் 162 பாகையில் வரும் வாயுவை இறக்கும் முனையம் கட்டப்படாமலே அவற்றை எண்ணெயில் ஓட்டத் தொடங்கினார்கள். 2021இல் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம் பெரும் சண்டையாகி, அதுவும் நடக்கவில்லை. சொந்த வாயு இல்லையா என்றால் இருக்கிறது: 2011இல் மன்னார்க் கடலில் கெய்ர்ன் நிறுவனம் இரண்டு இடங்களில் கண்டுபிடித்தது, 2015இல் விட்டுவிட்டுப் போனது. அது இன்னும் கடலுக்கடியில்தான். சொந்தக் கிணறு என்று அதை வரவுசெலவில் எழுதிவைப்பது, கிடைக்காத சீதனத்துக்கு வீடு கட்டுகிற வேலை. வாயு நிலக்கரியை விடச் சுத்தம், அலகுகளை வேகமாகக் கூட்டவும் குறைக்கவும் முடியும். ஆனாலும் என் அளவுகோலில் நிலக்கரியை விடக் கீழேதான். நிலக்கரியைத் தரையில் கொட்டி வைக்கலாம், இதை அப்படி வைக்க முடியாது.

அணுமின்நிலையம் பற்றியும் பேச்சு அடிக்கடி வருகிறது. இரவு உச்சத் தேவையே சில ஆயிரம் மெகாவாட்டாக நிற்கிற நாட்டில், ஒரு பெரிய அலகு திடீரென்று நின்றால் பாணந்துறைக் குரங்கு தேவையே இல்லை. அதோடு விட்டுவிடலாம்.

கம்பி

இந்தியாவோடு மின்கம்பி இணைப்பு என்பது 2010இலிருந்து பேசப்படுகிறது. மதுரைப் பக்கமிருந்து கடலைக் கடந்து அநுராதபுரம் வரை என்பது பழைய திட்டம். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது மறுபடி கையெழுத்தானது. கொழும்பில் இதைப் பற்றிக் கதைத்தால் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு இது நாட்டை விற்பது. மற்றதற்கு இதுதான் ஒரே விடிவு.

என் அளவுகோலில் கம்பிக்குக் கிடைப்பது மிக மோசமான மதிப்பெண். கப்பல் வராவிட்டால் கிழமைக் கணக்கு, கம்பி அறுந்தால் நொடிக் கணக்கு. பங்களாதேஷுக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும்: இந்தியாவின் ஜார்க்கண்டில் உள்ள அதானி நிறுவனத்தின் மின்நிலையத்துக்குக் கட்ட வேண்டிய காசு நிலுவையில் ஏற, 2024 ஒக்டோபர் இறுதியில் வழங்கலைப் பாதியாக வெட்டினார்கள்.

இப்படி எழுதிவிட்டு நானே கம்பிக்கு ஆதரவாகத்தான் வாக்களிப்பேன். என் அளவுகோலின் குறை இங்கேதான் தெரிகிறது. கம்பி உணவு இல்லை, பக்கத்து வீட்டில் அரைக் கொத்து அரிசி கைமாற்று வாங்குகிற உறவு. தினமும் அங்கேயே சாப்பிட்டால் அது அடிமைத்தனம். மாதக் கடைசியில் இரண்டு நாள் வாங்கி, நம் வீட்டில் மாங்காய் காய்க்கும்போது ஒரு கூடை கொடுத்தால் அது அயல். நேபாளம் இதைச் செய்கிறது. மழைக்காலத்தில் மிஞ்சும் நீர்மின்சாரத்தை இந்தியாவுக்கு விற்கிறது, 2024 நவம்பரில் இந்தியக் கம்பி வழியாகப் பங்களாதேஷுக்கே 40 மெகாவாட் அனுப்பியது. பனிக்காலத்தில் ஆறு வற்றும்போது வாங்குகிறது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நாங்கள் என்ன செய்தோம்? 2025 ஏப்ரலில் தேவை குறைந்ததால், கூரைச் சோலர்களைப் பகலில் அணைத்துவிடும்படி மின்சார சபை மக்களைக் கேட்டது. இலவச வெயிலைக் கொட்டிவிட்டு, மாலையில் எண்ணெய் எரித்தோம். ஒரு கம்பி இருந்திருந்தால் விற்றிருக்கலாம்.

உள்ளூர்ச் சரக்கு

நீர்மின்சாரத்தைப் பற்றிப் பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே அறிக்கை எழுதினார். லக்சபான நீர்மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். 1990களின் நடுப்பகுதி வரை நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி ஆறுகளிலிருந்தே வந்தது. அதாவது, மின்சாரத்தில் மட்டும் என்றால், நாங்கள் ஏற்கெனவே ஒருமுறை சுதந்திரமாக இருந்திருக்கிறோம். 1996இல் மழை பொய்த்தபோதுதான் அந்தச் சுதந்திரம் வானத்தின் கையில் இருந்தது தெரிந்தது. இனிப் பெரிய அணை கட்ட இடமும் இல்லை. தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்காகச் சில நூறு தோட்டக் குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. அணைக்குப் பக்கத்து லயன்களுக்கு கரண்ட் வந்தது கொழும்புக்கு வந்து பல காலத்துக்குப் பிறகு. இந்தக் கணக்கை யாரும் மெகாவாட்டில் எழுதுவதில்லை.

காற்றில் எனக்குப் பிடித்த ஒரு விசயம் இருக்கிறது. நுரைச்சோலையில் நிலக்கரி இறக்க விடாமல் கடலைக் கிளப்புகிற அதே சோழகம்தான் மன்னாரில் காற்றாடியைச் சுற்றுகிறது. கப்பல் வர முடியாத மாதங்களில் காற்று வருகிறது! இதை விடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. மன்னார்த் தீவில் தம்பபவனி 30 காற்றாடிகளோடு நூறு மெகாவாட்டுக்குச் சற்று மேல் தருகிறது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் போட வந்த அதானி, விலை யூனிட்டுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்பது கூட என்று புதிய அரசு மறுபேச்சுக் கேட்டதும், 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது.

ஆனால் மன்னார் ஆட்கள் வேறு கதை சொல்வார்கள். வலசைப் பறவைகள் இறங்கும் தீவு அது, உயரமும் இல்லை. காற்றாடிக்குப் போட்ட பாதைகள் மழைவெள்ளம் வடிய விடாமல் மறிக்கின்றன, மீன்பாடு குறைந்துவிட்டது என்கிறார்கள். 2025இல் வீதியில் இறங்கினார்கள். கொழும்பில் குளிரூட்டியின் கீழே உட்கார்ந்துகொண்டு அவர்களை முன்னேற்றத்துக்கு எதிரி என்று எழுதுவது சுலபம். 2006இல் போரில் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் திரும்பி வரும்முன்பே அவர்கள் நிலத்தில் நிலக்கரி ஆலை என்று குறித்தார்கள், 2016இல் அது கைவிடப்பட்டு இப்போது 120 மெகாவாட் சோலர் என்கிறார்கள். சுன்னாகத்தில் மின்நிலையத்துக்குப் பக்கத்துக் கிணற்று வாளியில் எண்ணெய் மிதந்தது. நாட்டுக்குக் கிடைக்கிற சுதந்திரத்தின் விலைச்சீட்டு ஏன் எப்போதும் இதே ஊர்களுக்கு வருகிறது என்று கேட்பது நியாயம். என் கருத்து: காற்றாடி வேண்டும், தீவுக்குள்ளே வேண்டாம். பெருநிலப்பரப்பிலும் கடலுக்குள்ளும் கொஞ்சம் கூடக் காசு கொடுத்துப் போடட்டும்.

கடைசியாகச் சோலர். இப்போது அன்ரியின் கேள்விக்கு வரலாம். முன்வீட்டுச் சோலர் வலையமைப்போடு கட்டியது. வலையமைப்பின் துடிப்பைப் பார்த்துத்தான் அதன் இன்வேர்ட்டர் தாளம் போடும். துடிப்பு நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறித் திருத்துகிற ஊழியருக்கு அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். பற்றரியும் தனித்து ஓடக்கூடிய இன்வேர்ட்டரும் இல்லாத கூரை, கரண்ட் போனால் வெறும் கூரை. 2016இல் யூனிட்டுக்கு 22 ரூபாய் என்று தொடங்கி, கூரைச் சோலர் இன்று நாடு முழுக்க 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. வீட்டுக்காரருக்கு அது நல்ல வருமானம். நாட்டுக்கு அது பகல் வெளிச்சத்தில் ஏற்றிய விளக்கு, ஏனென்றால் தேவை உச்சத்துக்குப் போவது மாலை 6.30க்கும் 10.30க்கும் இடையில்.

அதனால்தான் சோலரையும் சேமிப்பையும் பிரித்துப் பேசவே கூடாது என்கிறேன். அரநாயக்கப் பக்கம் 600 மெகாவாட்டில் மகா ஓயாத் திட்டம் ஒன்று நெடுங்காலமாகக் காகிதத்தில் இருக்கிறது: பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, இரவில் கீழே விட்டு எடுப்பது. மாலை உச்ச நேரத்தில் பற்றரியிலிருந்து கொடுக்கும் யூனிட்டுக்குக் கூடிய விலை தருவதாகவும் இப்போது சொல்கிறார்கள். இரண்டும் நடந்தால்தான் 2030க்குள் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்ற இலக்குக்கு அர்த்தம்.

"பலகையும் பற்றரியும் சீனாவிலிருந்துதானே வருகின்றன, அது மட்டும் அடிமைத்தனம் இல்லையா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உலகச் சோலர் உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் சீனாவின் பங்கு 80 வீதத்துக்கு மேல் என்பது உண்மை. யார் போடுகிறார்கள், எந்த நாட்டுக் கொடி என்று பார்ப்பதும் உண்மை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான சின்ன மின்திட்டம் 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனபோது இந்தியா முகம் சுளித்தது, 2022இல் அதே திட்டம் இந்திய நன்கொடையாக மாறியது. ஆனால் கப்பல் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். சீனா நாளைக்கு அனுப்ப மாட்டேன் என்றால், கூரையில் ஏற்கெனவே ஏறிய பலகை இருபத்தைந்து வருடம் ஓடும். பற்றரி பத்து வருடமாவது இழுக்கும். டீசல் அனுப்ப மாட்டேன் என்றால்? எங்கள் ஜெனரேட்டர் மணிக்கு எட்டு லீற்றர் குடிக்கும்.

வீதியில் ஓடுவது

மேலே சொன்னது பெரும்பாலும் மின்சாரம். பெற்றோல் வரிசையை அதனால் மட்டும் ஒழிக்க முடியாது. ஐஸ்லாந்தின் மின்சாரம் அத்தனையும் நீரும் பூமிச்சூடும் தருபவை, இருந்தும் காருக்கும் மீன்பிடிக் கப்பலுக்கும் எண்ணெய் இறக்குமதிதான். பூட்டான் மின்சாரம் விற்கிற நாடு, அதுவும் பெற்றோலுக்கு இந்தியாவைப் பார்த்திருக்கிறது.

நேபாளம் மட்டும் இங்கேயும் பாடம் படித்தது. 2015 செப்டம்பரிலிருந்து ஐந்து மாதம் அளவில் இந்திய எல்லையில் லொறிகள் வரவில்லை. பெற்றோலும் சமையல் வாயுவும் இல்லாமல் தவித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மின்வெட்டை ஒழித்தார்கள், மின்சாரக் காருக்கு வரியைக் குறைத்தார்கள். இன்று அங்கே இறக்குமதியாகும் கார்களில் பெரும்பாலானவை மின்சாரக் கார்கள். இங்கே 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திறந்ததும் காலி வீதியில் மின்சாரக் கார்கள் தெரியத் தொடங்கிவிட்டன. ஆனால் அவற்றைச் சார்ஜ் பண்ணுவது இரவு ஏழு மணிக்கு, வீட்டுக்கு வந்து இறங்கியதும். அதே உச்ச நேரம். பகலில் அலுவலகத்தில் சார்ஜ் பண்ண வசதி செய்தால் கொட்டிவிடுகிற வெயிலில் கார் ஓடும். ஓட்டோக்களையும் பஸ்களையும் முதலில் மாற்றினால் இன்னும் நல்லது, நாள் முழுக்க எரிக்கிறவை அவைதான்.

என்னிடம் ஒரு ரூபாய் கொடுத்தால் பாதிக்கு மேல் சேமிப்பிலும் கம்பிகளைப் பலப்படுத்துவதிலும் போடுவேன். மிச்சத்தில் காற்று, அப்புறம் ஓட்டோவும் பஸ்ஸும். இந்தியக் கம்பிக்குக் கொஞ்சம், விற்கவும் வாங்கவும் இரண்டுக்கும் என்று எழுதிக்கொண்டு. நுரைச்சோலையை அவசரமாக மூட மாட்டேன், நான்காவது அலகு கட்டவும் மாட்டேன். வாயு முனையத்துக்குச் சதமும் இல்லை.

எங்கள் தொடர்மாடிக் கூட்டத்திலும் ஏறக்குறைய இதே முடிவுதான் வந்தது. மொட்டை மாடியில் 20 கிலோவாட் சோலர், நல்ல வெயில் நாளில் எழுபது, எண்பது யூனிட் வரும். லிஃப்டுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் படிக்கட்டு விளக்குக்கும் மட்டும் ஒரு பற்றரித் தொகுதி. ஜெனரேட்டரை விற்கவில்லை, மூன்று நாள் மழைக்கு அது வேண்டும். சேர்விஸ்காரர்களை மாற்றிவிட்டோம். இரண்டாம் மாடி ஐயா, ஓய்வுபெற்ற கணக்காளர், காசைத் திரும்ப எடுக்க எத்தனை வருடம் என்று கேட்டுக் கையெழுத்து வைக்காமல் இருந்தார். அன்ரி அவரைப் பார்த்து, "நீங்கள் இரண்டாம் மாடி, ஏறிப்போகலாம்" என்றார். வைத்துவிட்டார். குளிரூட்டிகளைப் பற்றரியில் சேர்ப்பதா என்பதற்கு மட்டும் அடுத்த ஞாயிறு இன்னொரு கூட்டம்.